இரண்டு விரற்கடை

முப்பத்தோராண்டுகள் கூரையைப் பார்த்தே பிழைத்தவர் அவர். கட்டி முடித்த தளத்தின் அடிப்புறத்தில் தண்ணீர்க் குழாய்களும் மின்கம்பித் தட்டுகளும் தொங்குவதற்கான துளைகளை இடுவது அவர் தொழில். துளைக்கருவியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, தோளால் அதை முட்டுக்கொடுத்து, கண்ணில் விழும் சிமெண்டுத் தூளை இமையால் தள்ளிக்கொண்டே ஒரு நாளைக்கு எண்பது, தொண்ணூறு துளைகள் இடுவார். வேலை முடிந்து தெருவில் நடக்கும்போதும் அவருடைய முகவாய் சற்று மேல்நோக்கியே இருக்கும். அதனால் வேலையிடத்தில் அவருக்கு 'அண்ணாந்தார்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

"அண்ணாந்தார் வராரு, வழி விடுங்கடா. வானத்துல ஓட்டை இருந்தா கண்டுபிடிச்சுச் சொல்லுவாரு" என்று கம்பி கட்டுகிறவர்கள் கேலி செய்வார்கள்.

"வானத்தை அப்புறம் பார்க்கறேன். உன் மண்டையில ஏற்கெனவே ஒண்ணு இருக்கு, அதை முதல்ல அடைச்சுக்கோ" என்பார் அவர், முகவாயை இறக்காமலேயே.

அவருக்கென்று இருந்தது ஒரே ஒரு தங்கை. தாயும் தகப்பனும் ஒருவர்பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தபோது தங்கைக்கு வயது எட்டு. அவளை வளர்த்து ஆளாக்குவதிலேயே தம் கல்யாண வயது கடந்துவிட்டதை அவர் ஒரு குறையாகச் சொன்னதே இல்லை. அவளுக்கு மாப்பிள்ளை தேடிய கதையை மட்டும் கேட்காதவர்களிடமும் சொல்லுவார். ஒரு நாள், வேறொரு குழுவினர் வேலை செய்த தளத்தின் வழியே போனவர், வழக்கம்போல் அண்ணாந்து பார்த்தார். நூல் பிடித்ததுபோல் நாற்பது துளைகள் ஒரே வரிசையில் இருந்தன. ஏணி போட்டு ஏறி, அத்தனையையும் அளவுநாடாவால் அளந்துவிட்டு, "இது எவன் கை?" என்று கேட்டார். மூலையில் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஓர் ஒல்லிப் பையன், ஏதோ தப்பு நேர்ந்துவிட்டதென்று எண்ணி எழுந்து நின்றான். ஆறு மாதத்தில் அவனே தங்கையின் கணவன் ஆனான்.

"நாப்பதையும் அளந்தேன், ஒண்ணுகூட விலகல. அதுக்கப்புறம்தான் பொண்ணு கொடுத்தேன்" என்பார் அண்ணாந்தார்.

"அண்ணன் அளந்துட்டுக் கொடுத்துச்சு. நான்தான் அளக்காம வந்து மாட்டிக்கிட்டேன்" என்பாள் தங்கை. அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பான்.

அன்றுமுதல் இருவரும் ஒரே சாரத்தில் வேலை செய்தார்கள். ஒருவர் மேலே துளையிட, மற்றவர் கீழே நின்று சக்கரச் சாரத்தைப் பிடித்துக்கொள்வார். இருபது துளைக்கு ஒருமுறை ஆள் மாறும். அண்ணாந்தார் அவனை "மாப்ளே" என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வேலையிடம் முழுவதற்கும் அவன் மாப்பிள்ளை ஆகிவிட்டான். பொறியாளர் அம்மாள்கூட அவனை அப்படித்தான் அழைத்தார். பன்னிரண்டு ஆண்டுகள் இவ்வாறு சென்றன. ஞாயிறுதோறும் அண்ணாந்தாருக்குத் தங்கை வீட்டில்தான் சாப்பாடு. இரண்டாவது மாடியில் இரண்டே அறைகள். அவர் செருப்புச் சத்தம் படியில் கேட்டதுமே தங்கையின் மகள் கதவைத் திறந்துவிடுவாள்.

அப்போதுதான் அந்த இயந்திரம் வந்தது.

இடுப்புயரப் பெட்டி, அடியில் சங்கிலிச் சக்கரங்கள், மேலே நீண்டு மடங்கும் ஒற்றைக் கை. கூரையில் எங்கே துளை வேண்டும் என்பதை அதன் வயிற்றுக்குள் முன்பே ஏற்றியிருந்தார்கள். தானே நகரும், தானே நிற்கும், கையை உயர்த்தித் துளையிடும், தூளையும் தானே உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் அது போகும் வழியில் ஓர் ஆணியோ கல்லோ கிடக்கக்கூடாது. கிடந்தால் சிவப்பு விளக்கை எரியவிட்டு அசையாமல் நின்றுவிடும். அதற்கு முன்னால் ஒருத்தி பெருக்கிக்கொண்டே போகவேண்டியிருந்தது. பெருக்கிய சித்தாள் அம்மாள்தான் அதற்குப் பெயர் வைத்தாள்.

"சம்பந்தி வீட்டு ஆளுங்ககூட இவ்வளவு பிகு பண்ணமாட்டாங்க. ஒரு குச்சி கிடந்ததுக்கு மூஞ்சியைச் சிவக்க வெச்சுக்கிட்டு நிக்குது பாரு!"

அதன்பின் அது 'சம்பந்தி' ஆயிற்று. "சம்பந்திக்குக் கோபம் தணிஞ்சுதா?" என்று குழாய்க்காரர் கேட்பார். "இன்னும் இல்ல, தாஜா பண்ணிக்கிட்டு இருக்காங்க" என்று கம்பி கட்டுகிறவர்கள் பதில் சொல்வார்கள். சிரிப்புக்கு அடியில் எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: அடுத்து யாருக்கு? சித்தாள் அம்மாள் மட்டும் வெளிப்படையாகவே மாற்றுக் கட்சியில் இருந்தாள்.

"செங்கல் சுமக்கற மெஷின் ஒண்ணு வரட்டும், நான் கையெடுத்துக் கும்பிடறேன்."

"உன் வேலை போயிடுமே, அக்கா?"

"போகட்டும். கழுத்தாவது மிஞ்சும்."

மாப்பிள்ளையின் வலத்தோள் அப்போது பெரிதும் கெட்டிருந்தது. காலையில் தலைவாரக் கை எழும்பாது; தங்கைதான் சீப்பை வாங்கி வாரிவிடுவாள். "வந்தா வரட்டுமே, மச்சான். நம்ம தோள் கொஞ்சம் தூங்கும்" என்று தேநீர்க்கடையில் அவன் மெல்லச் சொன்னான்.

அண்ணாந்தாருக்குச் சுருக்கென்றது. அடுத்த மாதத்திலிருந்து துளைவேலைக்குத் தளத்திற்கு ஒருவர் போதும் என்று பொறியாளர் அம்மாள் சொல்லியிருந்தது அவர் காதில் இரைந்துகொண்டே இருந்தது. ஒருவர் என்றால் எந்த ஒருவர்? தோள் கெட்டவனை வைத்துக்கொள்வார்களா? அவனை அனுப்பினால் அந்த இரண்டு அறைகளில் அடுப்பு எப்படி எரியும்? இவற்றையெல்லாம் நிதானமாக எடுத்துச் சொல்ல அவருக்கு வரவில்லை. கோபமாகத்தான் வந்தது.

"தூங்கும், தூங்கும்! நிரந்தரமா தூங்க வெச்சிடும். ஒண்ணு சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கோங்க. எவன் அதுகூடக் கூட்டுச் சேர்ந்து வேலை செய்யறானோ, அவன் என் மூஞ்சியில முழிக்க வேண்டாம்."

பொதுவாகச் சொன்னதுதான். மாப்பிள்ளை தன் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

சம்பந்தி தன் இடத்தை எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதை அண்ணாந்தார் நான்கு நாள் கவனித்துப் புரிந்துகொண்டார். வரிசையாக உள்ள மூன்று தூண்களில், ஒரே பக்கம் பார்த்த முகங்களில், கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டமிட்ட உள்ளங்கையகலத் தாள்களை ஒட்டுவார்கள். முக்காலியின்மேல் உள்ள அளவுக்கருவி அந்த மூன்றையும் பார்த்துக் கணக்கிட்டு, இயந்திரத்துக்கு வழி சொல்லும். ஒரு தாள் மட்டும் விலகியிருந்தால் கருவி கண்டுபிடித்துக் கத்தும். மூன்றும் ஒரே பக்கமாக, ஒரே அளவு விலகியிருந்தால்? தான் நிற்கும் இடமே தள்ளியிருப்பதாக அது நம்பிக்கொள்ளும். முப்பத்தோராண்டுகள் நூலும் தூக்குக்குண்டும் பிடித்த ஒருவருக்குத்தான் அது தோன்றும்.

வாகனங்கள் நிறுத்தும் பெரிய கூடத்தில் வேலை தொடங்கவிருந்த நாளில், உணவு இடைவேளையின்போது அவர் தனியாக அங்கே போனார். காலை முழுவதும் அடித்தளத்துத் தண்ணீர்த் தொட்டி அறையில் இருந்தவர் அவர். தாள்களை ஒட்டியது யார் என்று அவருக்குத் தெரியாது, இயந்திரத்தோடு வந்தவர்கள்தாம் ஒட்டியிருப்பார்கள் என்று நினைத்தார். நகர்த்துவதற்கு முன்னால், பழக்கத்தின் காரணமாக, அளவுக்காகச் சுவரில் முன்பே போட்டிருந்த அடிக்கோட்டிலிருந்து ஒவ்வொன்றையும் அளந்து பார்த்தார். மயிரிழைகூட விலகல் இல்லை. எவன் ஒட்டினானோ, நல்ல கை என்று அந்த நேரத்திலும் அவருக்குத் தோன்றியது. பிறகு மூன்றையும் உரித்து, இரண்டு விரற்கடை இடப்பக்கமாகத் தள்ளி, மட்டம் பார்த்து ஒட்டினார். கூடுதலாகத் தள்ளியிருந்தால் பார்த்தவுடனே தெரிந்துவிடும். இரண்டு விரற்கடை கண்ணுக்குப் பிடிபடாது. அவர் தம் வாழ்நாளில் அத்தனை கவனமாக வேறெந்த வேலையையும் செய்ததில்லை.

சம்பந்தி இரண்டு நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு துளைகளை இட்டு முடித்தது. மூன்றாம் நாள் குழாய்க்காரர் தாங்கிகளை மாட்ட வந்தார், ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

"சம்பந்தி, இப்படிக் கவுத்துட்டீங்களே!" என்று குழாய்க்காரர் அதன் முதுகில் தட்டினார். வேலையிடமே சிரித்தது. பொறியாளர் அம்மாள் ஒரு நாள் முழுவதும் வரைபடங்களைப் புரட்டினார். பிறகு சோதித்துப் பார்ப்பதற்காக இயந்திரத்தை லாரியில் ஏற்றி அனுப்பிவைத்தார். கூடத்தின் துளைகளை எல்லாம் கையாலேயே மறுபடியும் இடவேண்டும் என்று உத்தரவாயிற்று. அன்று மாலை அண்ணாந்தார் எல்லாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார். மாப்பிள்ளை மட்டும் ஏனோ குடிக்காமல், "தலை வலிக்குது, மச்சான்" என்று சொல்லி முன்னதாகவே வீட்டுக்குப் போய்விட்டான்.

இரண்டு விரற்கடை என்ன செய்யும் என்பதை அண்ணாந்தார் கணக்கிட மறந்திருந்தார். ஒரு சாண் தள்ளியிருந்தால் பழைய துளைக்கும் புதிய துளைக்கும் இடையே உறுதியான கான்கிரீட் இருந்திருக்கும். இரண்டு விரற்கடையில் இருந்தது ஒரு மெல்லிய சுவர்தான். சுழலும் துளைமுனை அதை உடைத்துக்கொண்டு பக்கத்துப் பழைய துளைக்குள் நழுவிப் போய்ச் சிக்கிக்கொள்ளும். முனை நின்றுவிடும், கருவி நிற்காது. முனையைச் சுழற்ற முடியாத கருவி, பிடித்திருக்கும் ஆளைச் சுழற்றும்.

முதல் நாள் இரண்டுமுறை அப்படித்தான் ஆயிற்று. மணிக்கட்டு முறுக்கிக்கொண்டதோடு போயிற்று. "பார்த்துப் போடு, மாப்ளே, பழைய ஓட்டை இழுக்குது" என்று அவரே எச்சரித்தார். மறுநாள் நண்பகலுக்குள் அவன் முறைக்கு உரிய இருபது முடிந்துவிட்டன. அண்ணாந்தார் ஏணியில் கை வைத்தார்.

"நீங்க இருங்க, மச்சான். உங்க கழுத்து இன்னைக்குச் சரியில்ல. இந்த வரிசையில இன்னும் மூணுதான்."

இரண்டாவதில் முனை சிக்கியது. கருவி அவனை அப்படியே சுழற்றி, ஏறுவதற்காகத் திறந்து விட்டிருந்த பக்கமாகக் கீழே எறிந்தது. அண்ணாந்தாரின் இரண்டு கைகளும் சாரத்தைப் பிடித்திருந்தன. சாரம் அசையவே இல்லை. அவர் அதை அத்தனை உறுதியாகப் பிடித்திருந்தார்.

மூன்று மாதம் மருத்துவமனையில் கழிந்தது. உயிர் நிலைத்து நின்றது, இடுப்புக்குக் கீழே எதுவும் நிற்கவில்லை. வீட்டின் முன்னறையில் கட்டில் போட்டார்கள். இனி மல்லாந்து கிடப்பதுதான் அவனுக்கு வாழ்க்கை. கண் திறந்தால் கூரை. "பழகின இடம்தானே, மச்சான்" என்று முதல் ஞாயிறன்று அவனே ஒரு வேடிக்கைபோலச் சொன்னான். தங்கை சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

நடந்தவற்றுக்கெல்லாம் சம்பந்திதான் காரணம் என்று அனைவரும் பேசினார்கள். அண்ணாந்தாரும் தலையசைத்தார். தலையசைப்பது, வாய் திறப்பதைவிட எளிதாக இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிடவேண்டும் என்று படியேறுவார். கதவைத் திறக்கும் குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று தோன்றிவிடும்.

ஒரு ஞாயிறு அவர் போனபோது, பொறியாளர் அம்மாள் வந்து பார்த்துவிட்டுப் போனதாகத் தங்கை சொன்னாள். மாப்பிள்ளை கையில் அந்த அம்மாள் கொடுத்த அறிக்கைத் தாள் இருந்தது.

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்லையாம், மச்சான். சோதிச்சுப் பார்த்துட்டாங்க. தூண்ல ஒட்டின குறிதான் தள்ளியிருந்துச்சாம்."

அண்ணாந்தாரின் கண் அந்தத் தாளை விட்டு நகரவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன்" என்றான் அவன், கூரையைப் பார்த்தபடியே. "அந்த மூணையும் நான்தான் ஒட்டினேன். இன்ஜினியரம்மா என்னை மெஷின் ஓட்டக் கத்துக்கச் சொன்னாங்க. நின்ன இடத்துல செய்யற வேலை, தோளைத் தூக்க வேண்டாம்னாங்க. நீங்க அன்னைக்குக் கடையில பேசினதைக் கேட்டுட்டு எப்படிச் சொல்றது? நீங்க கீழே தொட்டி ரூம்ல இருந்தப்போ ஒட்டினேன். அளந்துதான் ஒட்டினேன். ஆனா தப்பா ஒட்டியிருக்கேன். என் தப்புலதான் நானே விழுந்திருக்கேன்."

அன்றும் அண்ணாந்தார் சொல்லவில்லை. எப்படிப் படியிறங்கினார், எந்தத் தெரு வழியாகத் தம் அறைக்குப் போனார் என்பது அவருக்கே நினைவில்லை. முன்பின் தெரியாதவனின் நாற்பது துளைகளைப் பார்த்து ஆளைத் தேடிப் பிடித்தவர், பன்னிரண்டு ஆண்டுகள் பக்கத்திலிருந்து பார்த்த கையைத் தூணில் அடையாளம் காணாமற்போனாரே! நல்ல கை என்று மெச்சினாரே, அந்தக் கையையே அவர் ஒடித்துவிட்டாரே!

அதற்குப் பின்வந்த ஞாயிறுகளில் கால்கள் போனதைப் பற்றி மாப்பிள்ளை ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. கையைப் பற்றித்தான் கவலைப்பட்டான். அளவுநாடாவைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, கட்டிற்சட்டத்தை அளப்பான். தங்கையைக் கூப்பிட்டு மறுபடியும் அளக்கச் சொல்வான். இரண்டும் ஒன்றாகவே இருக்கும். ஆனாலும் நம்பமாட்டான். "எதுல விட்டேன்னே தெரியல. ஒண்ணு தப்பலாம். மூணுமா தப்பும்?" என்பான். ஒரே கேள்வியைத்தான் பகலெல்லாம் கூரையில் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தான்.

பள்ளி தொடங்கிய மாதத்தில் ஒரு ஞாயிறு. குழந்தை கணக்கு நோட்டையும் அளவுகோலையும் எடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்தாள். ஏழு சென்டிமீட்டரில் ஒரு கோடு. அதற்கு இணையாக இன்னொன்று. முதல் பக்கத்துக்குக் கோடு போட்டுக் கொடுப்பது எப்போதும் அப்பாவின் வேலை.

"மாமாகிட்டக் கொடும்மா" என்றான் அவன்.

"நீங்கதானே போடுவீங்க?"

"அப்பா கை இப்போ சரியில்லடா. கோணலாப் போயிடும். மாமா கை நல்ல கை."

குழந்தை அளவுகோலை நீட்டினாள். அண்ணாந்தார் அதை வாங்கவில்லை. "நீ போய் அம்மாகிட்டத் தண்ணி வாங்கிட்டு வா" என்று அவளை உள்ளே அனுப்பினார். முப்பத்தோராண்டுகளில் முதன்முறையாக அவருடைய முகவாய் நெஞ்சில் இடிக்கும் அளவுக்குத் தாழ்ந்தது.

"மாப்ளே, உன் கையில தப்பில்ல."

"இருக்கு, மச்சான். தாள்லயே எழுதியிருக்கு."

"எழுதினவங்களுக்குத் தெரியாது. நீ ஒட்டினதை நகர்த்தினவன் நான்."

மாப்பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை.

"எவ்வளவு?"

"ரெண்டு விரற்கடை."

"மூணையுமா?"

"மூணையும். ஒரே பக்கமா."

"டேப் வெச்சா?"

"டேப் வெச்சு."

அவன் கண்கள் கூரையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை மெல்ல ஓடின. நெடுநேரம் தேடிய ஒரு கணக்கின் விடை அங்கே எழுதியிருப்பதுபோல் வாசித்தான்.

"நகர்த்தறதுக்கு முன்னாடி அளந்தீங்களா?"

"அளந்தேன்."

"சரியா இருந்துச்சா?"

"மயிரிழைகூட விலகல. எவன் ஒட்டினானோ, நல்ல கைன்னு நினைச்சேன், மாப்ளே. நீன்னு தெரியாது. சத்தியமா தெரியாது. உன் வேலை போயிடக் கூடாதுன்னுதான்..."

"அது வேண்டாம், மச்சான்" என்றான் அவன். அதட்டலாகச் சொல்லவில்லை. மேற்கொண்டு கேட்க வலு இல்லாதவன்போலச் சொன்னான். பிறகு, "இன்ஜினியரம்மாகிட்டச் சொல்லுவீங்களா? என் பேரு எழுதியிருக்கற தாள்லயே இதையும் எழுதணும்" என்றான்.

"நாளைக்குக் காலையிலேயே எழுதிக் கொடுத்துடறேன்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய இமைகளுக்கடியிலிருந்து நீர் வழிந்து இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கை எழுந்தது, பாதியில் நின்றது, தானே கீழே விழுந்தது.

அண்ணாந்தார் நிமிர்ந்தபோது சமையலறை வாயிலில் தங்கை நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ! கையில் அவருக்காகக் கொண்டுவந்த தேநீர் இருந்தது. அவளுக்கு எட்டு வயதானபோது தலைபின்னக் கற்றுக்கொண்டவர் அவர். காய்ச்சலில் கிடந்தால் மடியில் போட்டு விடியவிடிய விசிறியவர் அவர். பேசத் தொடங்கிய நாள்முதல் அவள் அவரை "நீ" என்றுதான் கூப்பிட்டு வந்தாள். அவள் டம்ளரை நாற்காலியின்மேல் ஓசைப்படாமல் வைத்தாள்.

"குடிச்சுட்டுக் கிளம்புங்க" என்றாள்.

அவர் குடித்தார். சூடு தெரியவில்லை. டம்ளரைக் கழுவி வைக்கலாமா, அப்படியே வைக்கலாமா என்று ஒரு கணம் தடுமாறி, நாற்காலியின்மேலேயே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். 'போயிட்டு வரேன்' என்று சொல்ல வாயெடுத்தவர், வரேன் என்பதைத் தாமே சொல்லிக்கொள்ள உரிமை இருக்கிறதா என்று தெரியாமல், சொல்லாமலே வெளியே வந்தார். பின்னால் கதவு சாத்தப்பட்டது. வேகமாகக்கூட இல்லை, மெல்லத்தான்.

நான்கு படி இறங்கியிருப்பார். கதவுக்கு அப்பாலிருந்து மாப்பிள்ளையின் குரல் கேட்டது. அழுகையில் கரகரத்திருந்தாலும் தெளிவாகக் கேட்டது.

"அம்மாடி, அந்த ஸ்கேலையும் நோட்டையும் எடுத்துட்டு வா. பென்சிலை நல்லாச் சீவிக் கொண்டா. எத்தனை சென்டிமீட்டர்னு சொன்னே?"

"ஏழுப்பா."

"பிடி இப்படி. அசைக்காதே. அப்பா போட்டுத் தரேன்."

அண்ணாந்தார் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றார். இரண்டாவது கோடும் முடிந்தது என்று குழந்தை சொல்லும் குரல் கேட்கும்வரை நின்றார். பிறகு, எந்தப் படி எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தபடி கீழே இறங்கிப் போனார்.